பம்பைக் கழற்றுமுன்: நடுங்கி ஓடும் டீசல் லொறியை வீட்டு வாசலில் சோதித்தல்

டீசல் லொறியொன்றின் எஞ்சின் நடுங்கி ஓடத் தொடங்கினால், எங்கள் பக்கத்துக் கராஜ்களில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது "பம்பைக் கழற்ற வேண்டும்" என்பதுதான். டீசலை அளந்து, உரிய கணத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அழுத்தி அனுப்புகின்ற இந்தப் பம்ப், எஞ்சினில் உள்ள உறுப்புகளில் மிகவும் நுட்பமானது. பழுதுபார்க்க அதிகச் செலவு பிடிப்பதும் அதுவே. அதைக் கழற்றிக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிட்டால், அது திரும்பி வரும்வரை லொறி நின்ற இடத்திலேயே நிற்கும். மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்தின் வருமானமும் அன்றோடு நிற்கும். ஆகவே பம்பில் கைவைப்பது கடைசி வேலையாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் பெரும்பாலானவற்றை, சில ஸ்பேனர்களும் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் குழாயும் ஒரு சுத்தமான கலனும் இருந்தால், வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

இதை எழுதக் காரணமாக இருந்தது என் தாய்மாமனின் இசுசு எல்ஃப் லொறி. நானுஓயாவிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிச் செல்லும் வண்டி அது. அதில் இருப்பது 4ஜேபி1 எஞ்சின்: நான்கு சிலிண்டர்கள், 2,771 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லை, கணினி இல்லை, டீசலைப் பங்கிட்டுக் கொடுப்பது முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்கும் ஒரு வி.ஈ. வகைப் பம்ப். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெபின் கண்ணாடிகள் அதிரும் அளவுக்கு நடுக்கம் இருந்தது. வெள்ளைப் புகை நெடுநேரம் அடங்கவில்லை. எஞ்சின் சூடேறிய பிறகு நடுக்கம் ஓரளவு தணிந்தாலும், கம்பளை தாண்டி ஏறத் தொடங்கியதும் இழுவை போதவில்லை. "தம்பி, பம்ப் போயிட்டுதுன்னு சொல்றாங்க. கழற்றிக் குடுத்திடவா?" என்று மாமா கேட்டார். "கொஞ்சம் பொறுங்க மாமா. எந்தச் சிலிண்டர் வேலை செய்யலைன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும். பெற்றோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கும்போது அந்தக் காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அதற்குள் பூந்தூறலாகப் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரிவதற்குப் போதிய காற்றும், அந்தக் காற்றைக் கசியவிடாமல் நெருக்கும் இறுக்கமும், சரியான அளவிலும் சரியான நேரத்திலும் தூறலாக விழும் சுத்தமான டீசலும் இருந்தால் போதும். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து சோர்வாக இருக்கின்றனவா, அல்லது ஒன்று மட்டும் சோர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய உறுப்புகளில் பாதி விலகிப்போகும். நான்குக்கும் பொதுவானவை டாங்கி, பில்டர், பம்பின் உட்பகுதி, காற்றுக் குழாய், சைலன்சர் ஆகியவை. ஒரு சிலிண்டருக்கு மட்டும் உரியவை டீசலை உள்ளே பீச்சும் அதன் இன்ஜெக்டர், பம்பிலிருந்து அதற்கு வரும் உயரழுத்தக் குழாய், அதன் வால்வுகள், அதன் பிஸ்டன் வளையங்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சொல். மலைநாட்டில் சமதரையான வாசல் கிடைப்பது அரிது. எனவே சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, கெபினைச் சாய்த்தால் அதன் தாங்குகோல் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே கீழே குனிய வேண்டும். இன்னொன்று, அழுத்தத்தோடு பீச்சும் டீசலுக்கு முன்னால் எக்காரணத்துக்காகவும் விரலை நீட்டக் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும் அளவுக்கு அது பாரதூரமானது. கசிவைத் தேடுவதற்கு ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

முதல் சோதனைக்குக் காது போதும். எஞ்சினை ஸ்லோவில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டுச் சைலன்சரின் வாயருகே நின்று கேளுங்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஒரு செக்கனுக்கு 25 தடவை வெடிக்கின்றன; ஒரு சிலிண்டரின் பங்கு அதில் ஆறு தடவைதான். ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் செக்கனுக்கு ஆறு என்ற அந்த ஒழுங்கான இடைவெளியில் ஒரு தட்டு விழுவது தெரியும். அதைத்தான் எங்கள் சாரதிகள் "மிஸ் அடிக்குது" என்கிறார்கள். இடைவெளி ஒழுங்கில்லாமல், எஞ்சினின் வேகமே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் அது வேறு நோய்: டீசல் வரும் வழியில் காற்று நுழைவதோ, பம்பினுள் இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கோளாறோ அதற்குக் காரணமாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகுவதற்குச் சிறிது பொறுமை வேண்டும். ஆனால் பழகிவிட்டால் வேறெந்தக் கருவியும் இவ்வளவு விரைவில் வழிகாட்டாது.

மாமாவின் லொறியில் கேட்டது ஒழுங்கான தட்டுத்தான். அடுத்ததாக, எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். நுவரெலியாப் பக்கத்துக் குளிர் இதற்குப் பெரிய உதவி. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, புகை வெளியேறும் குழாய்கள், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டோடு சேரும் நான்கு இடங்களிலும் ஈரத் துணியால் ஒவ்வொரு கோடு தண்ணீர் பூசுங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் குழாயில் ஈரம் சிறிது நேரத்தில் ஆவி பறந்து காய்ந்துவிடும். எரியாத சிலிண்டரின் குழாயில் அது ஈரமாகவே படிந்திருக்கும். இந்த வித்தியாசம் முதல் ஓரிரு நிமிடங்களில் மட்டுமே தெரியும். பிறகு எல்லாக் குழாய்களும் சூடாகிவிடும். எங்கள் வாசலில் ஒன்றாவது, இரண்டாவது, நான்காவது கோடுகள் வெளிறிக் காய்ந்த பிறகும் மூன்றாவது மட்டும் கறுத்த ஈரத்தோடு பளபளத்துக்கொண்டிருந்தது. மாமா குனிந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் துணியை வாங்கி, தாமே இன்னொரு தடவை பூசிப் பார்த்தார்.

இதை உறுதிப்படுத்தும் சோதனை, இன்ஜெக்டருக்குப் போகும் உயரழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்துவது. எஞ்சின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்க, ஒரு சிலிண்டரின் நட்டின்மேல் துணியைச் சுற்றி, 17ஆம் இலக்க ஸ்பேனரால் அரைச் சுற்று அளவுக்குத் தளர்த்துகிறோம். அந்தச் சிலிண்டருக்கு உரிய டீசல் உள்ளே போகாமல் நட்டின் விளிம்பால் துடித்துத் துடித்து வழியும். அது நல்ல சிலிண்டராக இருந்தால் அந்தக் கணமே எஞ்சின் தடுமாறும், நடுக்கம் கூடும், வேகம் இறங்கும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டராக இருந்தால் நட்டைத் தளர்த்தியும் எந்த மாற்றமும் தெரியாது. நட்டை மீண்டும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைத் தளர்த்தக் கூடாது. இந்தச் சோதனையில் இன்னொரு தகவலும் கிடைக்கும். எஞ்சினில் கூர்மையான இரும்புத் தட்டல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து, குறிப்பிட்ட ஒரு நட்டைத் தளர்த்தியதும் அந்தத் தட்டல் மறைந்தால், அந்த இன்ஜெக்டர் டீசலைத் தூறலாகப் பீச்சாமல் தாரையாக விடுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிஸ்டன் பின்னில் தேய்வு என்று பயந்து எஞ்சினைப் பிரிக்கப் போனவர்களுக்கு இந்த ஒரு சோதனை எவ்வளவோ பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

இப்படி நட்டைத் தளர்த்துவது பழைய இயந்திரப் பம்ப் கொண்ட எஞ்சின்களுக்கு மட்டுமே உரியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிய லொறிகளில் உள்ள, ஒரு பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைக் கொடுக்கும் காமன் ரெயில் அமைப்பில் அந்த டீசல் 1,600 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தத்தில் நிற்கிறது. ஓடும் எஞ்சினில் அந்த நட்டைத் தொடுவது உயிராபத்து. அவ்வகை வண்டிகளில் ஸ்கேனரைப் பொருத்தி ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கணினி எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்று பார்க்கலாம். அல்லது நான்கு இன்ஜெக்டர்களின் மீள்குழாய்களையும் தனித்தனிப் போத்தல்களில் விட்டு, எது அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை.

மூன்றாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே குறை இன்ஜெக்டரிலா, எஞ்சினின் உள்ளேயா? இதைத் தீர்க்கும் வழி மிகவும் எளியது. மூன்றாவது இன்ஜெக்டரையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பொருத்தினோம். குறை இன்ஜெக்டரோடு இடம்பெயர்ந்தால் இன்ஜெக்டர்தான் காரணம். அதே சிலிண்டரில் தங்கிவிட்டால் வால்வு, வளையம், ஹெட்டின் அடியில் இறுக்கத்தைக் காக்கும் ஹெட் கேஸ்கட் அல்லது பம்பின் அந்த வழி என்று தேட வேண்டும். கழற்றுவதற்கு முன் சுற்றிலும் உள்ள மண்ணையும் ஒயில் அழுக்கையும் தூரிகையால் சுத்தம் செய்து, திறந்த குழாய் வாய்களை உடனுக்குடன் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூட வேண்டும். இன்ஜெக்டரின் நுனியான நொசிலுக்குள் உள்ள ஊசிக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாத மண்துகள் ஒன்று போதும், அதைக் கெடுத்துவிட. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வொஷரையும் கவனியுங்கள். பழைய வொஷர் சில வேளைகளில் உட்குழியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் காணாமல் புதியதை அதன்மேல் வைத்தால் நொசில் நிற்க வேண்டிய ஆழத்தில் நிற்காது. வொஷர் இறுகாமல் புகை கசிந்துகொண்டிருந்தால், இன்ஜெக்டரைச் சுற்றிக் கரிய தார் போன்ற படிவு இருக்கும், ஓடும்போது "சுஸ் சுஸ்" என்று மூச்சுவிடும் ஒலியும் கேட்கும். சவர்க்கார நீரை ஊற்றினால் அந்த இடத்தில் குமிழி கிளம்பும்.

இடம் மாற்றி, குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றி (எயார் எடுத்து), ஸ்டார்ட் செய்து, மறுபடியும் நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தபோது, இப்போது தளர்த்தியும் மாற்றம் காட்டாதது இரண்டாவது சிலிண்டர். மூன்றாவது உயிர்பெற்றுவிட்டது. பம்பின் மூன்றாவது வழியும் மூன்றாவது சிலிண்டரின் உட்புறமும் நலம் என்பது அந்த நிமிடத்திலேயே நிரூபணமாகியது.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. நான்கு நொசில்களில் ஒன்று ஏன் கெட்டது என்று கேட்காமல் புதியதைப் போட்டால் அதுவும் கெடும். நொசிலைக் கெடுப்பவை பெரும்பாலும் தண்ணீரும் தூசியும்தான். நானுஓயாவில் மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். பாதி வெறுமையான டாங்கிக்குள் இருக்கும் ஈரக்காற்று இரவுக் குளிரில் தண்ணீராகி உட்சுவரில் படிந்து அடியில் சேர்கிறது. இந்தப் பக்கத்தில் லொறி வைத்திருப்பவர்கள் காலையில் புறப்படும்போது டீசல் அடிப்பதை விட, மாலையில் வந்து நிறுத்தும்போது நிரப்பிவிட்டு நிறுத்துவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் எத்தனையோ வீடுகளில் டீசல் பழைய பீப்பாய்களிலும் கழுவப்படாத கலன்களிலும் கிடந்தது. மண்ணெண்ணெய் கலந்ததும் உண்டு. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு இல்லை. வி.ஈ. வகைப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, தன்னுள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. அப்படிப்பட்ட பம்புக்கு மண்ணெண்ணெய் கொடுப்பது அதை மெல்ல மெல்லத் தேய்ப்பதுதான்.

பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அது கீழே தங்கி, மேலே நிற்கும் டீசலுக்கும் அதற்கும் இடையே கத்தியால் கீறியது போன்ற கோடு தெரியும். மாமாவின் பில்டரிலிருந்து வந்ததில் போத்தலின் அடியில் ஒரு விரல் தடிப்புக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் கரிய சளி போன்ற படலமும் மிதந்தது. தண்ணீருக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட அந்த எல்லையில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை அது. பில்டரை அடைப்பதில் தூசியை விட மோசமானது. நொசிலின் ஊசி ஏன் சிக்கியது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஏற்றத்தில் இழுவை போதாமைக்கு வேறொரு காரணமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இங்கே டீசல் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; மலைப்பாதையில் ஓடும் லொறிகளின் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இவ்வகை லொறியில் டாங்கியிலிருந்து டீசலை யாரும் தள்ளுவதில்லை, பம்ப்தான் இழுக்கிறது. ஆகவே டாங்கிக்கும் பம்புக்கும் இடையே ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ, ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே போகும். தரையில் ஒரு துளிகூடச் சிந்தாமல் எஞ்சின் தடுமாறுவதைப் பார்த்துப் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது இதனால்தான். பம்புக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் தெளிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி ஓடவிட்டால் உண்மை கண்ணுக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்தவுடன் சில குமிழிகள் வருவது இயல்பு. அதன் பிறகும் சோடாப் போத்தலைத் திறந்தது போல இடைவிடாமல் குமிழிகள் ஓடினால், பின்னால் எங்கோ காற்று நுழைகிறது.

குமிழி இல்லாமலேயே டீசல் போதாமல் போவதும் உண்டு. டாங்கியின் உள்ளே உறிஞ்சுகுழாயின் நுனியில் இருக்கும் வலையில் சளி அடைத்திருந்தால், ஸ்லோவில் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. நுவரெலியாவை நோக்கிப் பாரத்தோடு ஏறும்போதுதான் பம்ப் கேட்கும் அளவுக்கு டீசல் வராது. டாங்கி மூடியின் மூச்சுத்துளை அடைபட்டிருந்தாலும் இதே நிலைதான். எஞ்சின் சோர்ந்த இடத்தில் நிறுத்தி மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் அதுவே சான்று. டாங்கியில் டீசல் குறைவாக இருக்கும்போது, செங்குத்தான ஏற்றத்தில் அது ஒரு பக்கமாக ஒதுங்கி உறிஞ்சுகுழாயின் வாய் வெளியே தெரிவதும் நடக்கும். இவை அனைத்தையும் ஒரே சோதனையில் பிரித்துவிடலாம். சுத்தமான கலனில் நல்ல டீசலை நிரப்பி, எஞ்சினை விட உயரத்தில் பத்திரமாகக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை நேராகப் பம்பின் வாய்க்குக் கொடுங்கள். பம்பிலிருந்து திரும்பும் குழாயையும் அந்தக் கலனுக்குள்ளேயே விடுங்கள். இப்போது எஞ்சின் சீராகிவிட்டால் குறை டாங்கிக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறது. மாமாவின் லொறியில் குழாய்கள் நலமாக இருந்தன, குமிழி இல்லை. ஆனால் டாங்கியைக் கழற்றிக் கழுவியபோது வலையில் பாதி அடைபட்டிருந்தது.

இனிக் காற்று. இங்கே உயரம் என்ற ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே பெறுகிறது. உயரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பகுதி இல்லாத பம்ப் மட்டும் கீழே கொடுத்த அதே அளவு டீசலைக் கொடுக்கிறது. எரிவதற்குக் காற்றுப் போதாத டீசல் கரும்புகையாக வெளியேறும். ஆகவே கம்பளையில் புகையாமல் வந்த லொறி லபுக்கலையை நெருங்கும்போது கறுப்பாகப் புகைப்பது அதனளவில் நோயல்ல. இழுவை போதவில்லை என்று பம்பின் டீசல் அளவுத் திருகை இன்னும் உள்ளே திருப்பிவிடுவதுதான் தவறு. அதனால் கீழ்நாட்டில் இழுவை கூடியது போலத் தோன்றும். மலையிலோ புகை மட்டுமே கூடும், பிஸ்டனும் வெளியேற்று வால்வும் தாங்க முடியாத சூட்டுக்கு உள்ளாகும், ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கிடைக்காமல் போகும். அந்தத் திருகின் முத்திரையை உடைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

எயார் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது, அதை விட்டுவிடுகிறேன். மலைப்பாதை லொறிகளில் பலரும் மறப்பது எக்ஸோஸ்ட் பிரேக். இறக்கத்தில் எஞ்சினின் மூச்சை அடைத்து வேகத்தைப் பிடித்துவைக்கும் அந்த வட்டத் தகடு, ஆண்டுக்கணக்கான கரியால் அச்சில் இறுகி, பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு. அப்போது எஞ்சினுக்குப் புகையை வெளியே விட வழியில்லை. நடுக்கமும் கரும்புகையும் சோர்வும் ஒருசேர வரும். ஒருவர் கெபினில் இருந்து சுவிட்சைப் போட்டு எடுக்க, மற்றவர் கீழிருந்து அந்தக் கை முழுவதுமாகத் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

புகையின் நிறத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலை வெள்ளைப் புகை எங்கள் ஊரில் நல்ல எஞ்சினிலும் சிறிது நேரம் வரும். சூடான பிறகும் அடங்காமல், கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடையோடு வந்தால் எங்கோ டீசல் எரியாமல் வெளியேறுகிறது. கண் எரியாத வெண்ணிறப் புகையும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி கிளம்புவதும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டுமே திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீலப் புகை ஒயில் எரிவது.

இன்ஜெக்டரை இடம் மாற்றியும் குறை அதே சிலிண்டரில் தங்கிவிட்டால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் காற்றை நெருக்கும் அழுத்தம், பார்க்க வேண்டும். டீசலுக்கு உரிய மீற்றர் வேண்டும்; பெற்றோல் எஞ்சினின் மீற்றர் தாங்காது. இங்கேயும் உயரம் குறுக்கிடுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. 4ஜேபி1 எஞ்சினுக்குக் கையேடு சொல்வது சதுர சென்ரிமீற்றருக்கு 31 கிலோகிராம். 22க்குக் கீழே போனால் எஞ்சின் பிரிக்கப்பட வேண்டும். ஆனால் முற்றிலும் நல்ல அதே எஞ்சின் நுவரெலியாவில் 25 அளவுதான் காட்டும், ஏனென்றால் அது உள்ளே இழுக்கும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவானது. கடல் மட்டத்து எண்ணை வைத்து "எஞ்சின் தேய்ந்துவிட்டது" என்று இங்கே ஒருவர் சொன்னால், அவரிடம் நான்கு சிலிண்டர்களின் எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் அந்த எஞ்சினைப் பிரிக்க அவசரம் இல்லை. ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அங்கே குறை உண்டு. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

தாழ்ந்த சிலிண்டர் கிடைத்தாலும் முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் உள்வாங்கும் வால்வுக்கும் வெளியேற்றும் வால்வுக்கும் குளிர்ந்த நிலையில் 0.40 மில்லிமீற்றர். எரியும் வரிசை 1-3-4-2. ஒன்றாவது சிலிண்டரை நெருக்கத்தின் உச்சியில் நிறுத்தி அதன் இரண்டு வால்வுகளையும், இரண்டாவதன் உள்வாங்கும் வால்வையும், மூன்றாவதன் வெளியேற்றும் வால்வையும் சரிசெய்து, எஞ்சினை முழுச்சுற்று ஒன்று திருப்பி மீதி நான்கையும் செய்யலாம். இடைவெளி கூடினால் சத்தம் வரும், அதனால் எல்லோரும் கவனிப்பார்கள். குறைந்தால் சத்தமே வராது. வால்வு முழுமையாக மூடாமல் எரிந்துபோகும். அமைதியான எஞ்சின் என்று மகிழ்ந்திருப்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காலையில் மட்டும் நடுங்கிப் பின் முற்றாகச் சீராகும் எஞ்சினுக்கு, ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்தால் போதும். அவற்றை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பற்றரியின் நேர்முனையிலிருந்து சோதனை பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் தொட்டுப் பார்த்தால், பல்பு எரியாதது இறந்த பிளக். கிளச்சை மிதித்தவுடன் நடுக்கம் மாறினாலோ, எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் பிய்ந்திருந்தாலோ குறை எஞ்சினின் எரிதலில் இல்லாமலும் இருக்கலாம்.

இறுதியில் கராஜுக்குப் போனது பம்ப் அல்ல, நான்கு இன்ஜெக்டர்கள் மட்டுமே. சோதனை மேசையில் மூன்றாவது தூறாமல் சொட்டியது. மற்ற மூன்றும் தூறின, ஆனால் திறக்கும் அழுத்தம் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தது. இப்படிக் கொடுக்கும்போது கெட்ட ஒன்றை மட்டும் செய்யச் சொல்லாமல், நான்கையும் ஒரே அழுத்தத்துக்குச் சரிசெய்து தரச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் திறக்கும் அழுத்தத்தை எழுதி வாங்க வேண்டும். மாற்றிய பழைய நொசிலையும் திருப்பிக் கேட்க வேண்டும். பொருத்தும்போது செப்பு வொஷர்கள் நான்கும் புதியவை, உட்குழிகளில் இருந்த கரி சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்டது, பில்டர் புதியது, டாங்கி கழுவப்பட்டது. பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி, எயார் திருகின் வழியே குமிழியில்லாத டீசல் வரும்வரை விட்டு, திருகை மூடிய பிறகு ஸ்டார்ட் செய்தோம். முதல் பயணம் போய்வந்ததும் இன்ஜெக்டரைப் பிடிக்கும் நட்டுகளை இன்னொரு தடவை கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கிப் பார்க்கவும், ஒரு கிழமை கழித்துப் பில்டரின் வடிகாலைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். வால்வு இடைவெளியை அடுத்த ஒயில் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்வோம்.